கரும்பலகையில் ரெஜிலாவின் பெயர்

ரத்த வங்கி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, நரம்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான். அது கைக்குத் தானாக வந்துவிடும். மூன்று மாதம் போதும். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த எனக்குக் கடைசிவரை கடினமாக இருந்தது வேறொன்று. கொடுக்க வேண்டும் என்று மனது வைத்து வந்து நிற்கிற ஒருவரிடம், "உங்களிடம் எடுக்க முடியாது" என்று சொல்வது. அதை என்ன வார்த்தையில் சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது, யார் காதில் விழாமல் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு கடற்கரை ஊரில் பள்ளிப் பிள்ளைகள் நடத்திய முகாமில் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். தவறு செய்தது நான். அதைச் சுமந்தது இருபத்து நாலு வயதான ஒரு பெண்ணும் அவளுடைய தங்கையும்.

சுனாமி வந்து நாலைந்து வருடம் கழிந்திருந்தது. அப்போது நான் ஒரு ரத்த வங்கியில் மூத்த டெக்னீஷியன். குழித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஒரு நாள் மத்தியானம் பள்ளிச் சீருடையில் எட்டுப் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். பெண்கள் ஐந்து பேர், பையன்கள் மூன்று பேர். எல்லாரும் பிளஸ் ஒன். பின்னால் அவர்களுடைய பயாலஜி சார், ஏதோ இழுத்துக்கொண்டு வரப்பட்டவர் மாதிரி நின்றார். முன்னால் நின்ற பெண்ணின் பெயர் பெனிட்டா. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"மேடம், எங்க ஊர்ல ரத்ததான முகாம் வைக்கணும். என்னெல்லாம் வேணும்னு சொன்னியன்னா நாங்க செய்திருவோம்."

"உனக்கு வயசு என்ன மக்கா?"

"பதினாறு."

"பதினெட்டு ஆகாம எடுக்க மாட்டோமே."

"தெரியும் மேடம். நாங்க குடுக்கல்ல. நாங்க ஆளக் கொண்டு வாறோம்."

என்ன காரணம் என்று கேட்டேன். அவர்கள் வகுப்பில் படிக்கிற ஒரு பையனுடைய அப்பா, வள்ளத்தைக் கரையேற்றும்போது இரண்டு வள்ளத்துக்கு நடுவில் மாட்டி இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டதாம். ரத்தம் நிறையத் தேவைப்பட்டது. ஊரில் பயந்துகொண்டு ஒருவரும் போகவில்லை. மார்த்தாண்டத்தில் தங்கிப் படிக்கிற கல்லூரிப் பையன்கள் பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "யாரு எவருன்னே தெரியாது மேடம். டீ கூட குடிக்கல்ல. ஸ்டீபனுக்க அப்பா இப்பம் கம்பு ஊணி நடக்குறாவ," என்றாள் பெனிட்டா.

முகாம் நடத்திய அனுபவம் உங்களுக்கு வரும்போது தெரியும். பெரியவர்கள் நடத்தும் முகாமில் வரவேற்புரை நீளமாக இருக்கும், படுக்கை காலியாக இருக்கும். இந்தப் பிள்ளைகள் வேறு மாதிரி. ஒரு மாதம் அந்த ஊரில் வீடு வீடாக ஏறினார்கள். கம்பு ஊன்றி நடக்கிற அந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆண்களுக்கு ஒரே பயம்தான்: ரத்தம் கொடுத்தால் வலை இழுக்கப் பெலம் இருக்காது. அதற்குப் பிள்ளைகள் பதில் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். அவரைக் காட்டுவார்களாம். அவர் சட்டையைத் தூக்கி ஆபரேஷன் தழும்பைக் காட்டி, "எனக்குள்ள ஓடுகது எவனோ குடுத்ததாக்கும்," என்பாராம். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால் அன்றைக்கே முகாம் வைத்தோம். காலைப் பூசை முடிந்ததும் ஆட்கள் நேராகப் பள்ளிக்கூடத்து நீளமான அறைக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எனக்கு ஆச்சரியம். டோக்கன் எழுதி வைத்திருந்தார்கள். கொடுத்து முடித்தவர்களுக்கு இளநீர் சீவிக் கொடுக்க ஒரு ஆள், பழம் கொடுக்க ஒரு ஆள், மயக்கம் வந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு பையன்கள். வாசலில் ஒரு கரும்பலகை. 'ரத்தம் கொடுத்தவர்கள்' என்று கலர் சாக்பீஸில் தலைப்பு எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கொடுத்து முடித்ததும் பெயர் ஏறும். அந்தப் பலகையில் பெயர் ஏற வேண்டும் என்றே சில ஆண்கள் வரிசையில் நின்றார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் வரிசை பதினொரு மணியோடு முடிந்தது. பிறகு பெண்கள் வந்தார்கள். எல்லாரும் அந்தப் பிள்ளைகளுடைய அம்மாக்கள், அக்காக்கள், சித்திகள். மீன் விற்கப் போகிறவர்கள், வலைக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். பூசைக்குக் கட்டிய நல்ல சேலையோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். என் மேஜையில் மயில்துத்தம் கரைத்த நீல நீர், சின்னப் பாத்திரத்தில். விரல் நுனியில் குத்தி ஒரு துளி விடுவோம். துளி மூழ்கினால் ரத்தத்தில் சத்து போதும். மிதந்தால் போதாது, எடுக்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு உதவியாகப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தது பெனிட்டா.

முதல் பெண்ணின் துளி மிதந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் மிதந்தது. மூன்றாவது மூழ்கியது. அதன் பிறகு வரிசையாக மிதந்துகொண்டே இருந்தன. கரைசலில் தவறோ என்று என் கூட வந்த பையன் ஒருவனின் துளியை விட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இறங்கியது. கரைசல் சரிதான். அந்த ஊர்ப் பெண்களின் உடம்பில்தான் ரத்தம் குறைவு.

பயாலஜி சார் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "மேடம், பிள்ளைங்க ஒரு மாசமா அலைஞ்சு கூட்டிட்டு வந்திருக்கு. கொஞ்சம் முன்னப்பின்ன பாத்து விடக் கூடாதா? எல்லாரையும் திருப்பி அனுப்பினா மனசு விட்டுப் போயிருவாங்க."

எங்களோடு வந்திருந்த டாக்டர் வயதில் இளையவர். என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்களோ அதான்," என்று விட்டுவிட்டார்.

"முடியாது சார்," என்றேன். "இவங்களுக்கே போதல்ல. இதுல எடுத்தா வீட்டுக்குப் போற வழியில விழுவாங்க. வாங்குற நோயாளிக்கும் புண்ணியமில்ல."

நான் அன்று விட்டுக்கொடுக்கவில்லை. அது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் உறுதியாக நிற்கிறேன் என்ற பெருமையில், பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தவறிவிட்டேன். நாம் சரியாக நடந்துகொள்கிற நேரத்தில்தான் கவனம் கெடுகிறது. இதை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

வரிசை நீளமாக இருந்ததால் நான் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன். விரலைப் பார்ப்பேன், துளியைப் பார்ப்பேன், "ரிஜெக்ட். பெனிட்டா, எழுதிக்கோ," என்பேன். அடுத்த விரல் வரும்.

ஒரு விரல் வரும்போது பெனிட்டா துள்ளி எழுந்தாள். "மேடம், இது எனக்க அக்கா. ரெஜிலா. அடுத்த மாசம் கல்யாணம்!"

நிமிர்ந்து பார்த்தேன். தங்கையை விடக் கொஞ்சம் உயரம், அமைதியான முகம். வலைக் கம்பெனியில் வேலை. சிரித்தாள். நானும் சிரித்தேன். குத்தினேன். துளி மேலேயே நின்றது.

"ரிஜெக்ட்," என்றேன்.

"ஏன்க்கா, எனக்கு என்ன?"

பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள். "ரத்தம் சரியில்லம்மா. ஆஸ்பத்திரில வந்து பாருங்க. அடுத்த ஆள் வாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். 'சத்துக் குறைவு, கீரையும் மாத்திரையும் சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ரத்தம் சரியில்லை' என்றேன். அதுவும் வரிசைக்குக் கேட்கிற குரலில்.

நாலு மணிக்குச் சாமான்களை வண்டியில் ஏற்றினோம். வாசலில் கரும்பலகையைக் கடந்தபோது பார்த்தேன். இடது பக்கம் கொடுத்தவர்கள். வலது பக்கம் புதிதாக ஒரு தலைப்பு: 'ரிஜெக்ட்'. கீழே பெண்களின் பெயர்கள், ஒவ்வொன்றும் இன்னார் மகள், இன்னார் மனைவி என்று வீட்டு விவரத்தோடு. வந்த எல்லாருடைய பெயரும் பலகையில் வரட்டும், ஒருவரும் விட்டுப்போக வேண்டாம் என்று நல்ல எண்ணத்தில் பெனிட்டா தன் நோட்டைப் பார்த்து எழுதியிருந்தாள். பதினேழாவதோ பதினெட்டாவதோ ரெஜிலாவின் பெயர்.

நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பார்த்தேன். "உனக்க கையெழுத்து கொள்ளாமே," என்று பாராட்டக்கூடச் செய்தேன். பிறகு வண்டியில் ஏறி, ரத்தம் சூடேறிவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்ற யோசனையில் வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அதே அறையில் ஊர்க் கூட்டம் இருந்தது எனக்குத் தெரியாது.

புதன்கிழமை பயாலஜி சார் போன் செய்தார். பெனிட்டா மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. அக்காவின் கல்யாணம் நின்றுபோகும் நிலையில் இருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்து ஊர்க்காரர், வளைகுடாவில் வேலை. மாப்பிள்ளையின் தாய்மாமன் இந்த ஊரில் பெண் எடுத்து இங்கேயே இருப்பவர். ஊர்க் கூட்டத்துக்கு வந்தவர் பலகையைப் படித்திருக்கிறார். ரத்தம் சரியில்லை என்று நர்ஸே சொன்னதாக வரிசையில் நின்ற யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தில் என்ன நோய் என்று ஊர் பேச ஆரம்பித்தால் எந்த நோயில் போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்த பிறகுதான் கல்யாணம். இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதை வாசிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஃபாதரிடம் சொல்லிவிட்டார்கள்.

போனை வைத்தேன். டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்லவர், உடனே வழி சொன்னார். "அந்தப் பொண்ணுக்கிட்ட ஒரு சாம்பிள் எடுத்துட்டு வாங்க. எல்லா டெஸ்டும் போட்டு, ஒரு நோயும் இல்லன்னு நானே லெட்டர் தாறேன். முடிஞ்சுது."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, பையில் ஊசியும் டியூபும் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன்.

வீட்டில் அம்மா இல்லை, மீன் விற்கப் போயிருந்தாள். ரெஜிலா முன்னறையில் உட்கார்ந்து கிழிந்த சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளறையில் பெனிட்டா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"நாலு நாளா இப்பிடித்தான் கிடக்கா," என்றாள் ரெஜிலா. "நான் அவகூட பேசல்ல. எனக்கு வரல்லக்கா. கோவமா என்னன்னு தெரியல்ல. வாயத் தொறந்தா வரல்ல."

நான் உள்ளே போய்ப் பெனிட்டாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "எழுதினது நீ. எழுதச் சொன்னது நான். ரிஜெக்ட்டுங்குற வார்த்தையே என் வாயில இருந்து வந்தது. நீ அத அழகா எழுதின, அவ்வளவுதான். தப்பு என்னுது மக்கா," என்றேன். அவள் தோள் குலுங்கியது. திரும்பவில்லை.

வெளியே வந்து ரெஜிலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பையைத் திறந்து டியூபை எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"வேண்டாங்கா."

"ஏம்மா? ஒரு நிமிசம். ரெண்டு நாள்ல லெட்டர் வந்திரும். அவங்க வாயை அடைச்சிரலாம்."

"அந்தப் பலகையில முப்பது பேருக்க பேரு இருந்துது. நான் மட்டும் லெட்டர் வாங்கிட்டுப் போனா, மத்தவிய எல்லாருக்கும் என்னமோ இருக்குன்னு ஆவும்லா? எங்க அம்மைக்க பேரும் அதுல உண்டு. அவ்வ எங்க போயி லெட்டர் வாங்குவாவ?"

டியூபைப் பிடித்த கையை மடியில் இறக்கினேன்.

"பொறவு இன்னொண்ணு. நான் இப்பம் கைய நீட்டினா, சந்தேகப்பட்டது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அவரு நேத்து கல்ஃப்லயிருந்து போன் பண்ணினாரு. 'வீட்டுல பேசுகாவ, ஒரு டெஸ்ட் எடுத்திரேன்'னாரு. அவரும் சொல்லுகாரு, நீங்களும் சொல்லுகிய." குரல் உயரவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினாள். "எனக்கு ஒரு நோயும் இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா. ஒங்களுக்கும் தெரியும்."

டியூபைப் பைக்குள் வைத்தேன். உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளை இன்னொரு முறை தனியாக நிறுத்தப் பார்த்திருக்கிறேன். முப்பது பேருக்கும் சேர்த்துச் செய்த தவறை ஒருத்திக்கு மட்டும் காகிதம் கொடுத்துச் சரிசெய்ய முடியாது. இருபது வருட அனுபவம் உள்ள எனக்கும் படித்த டாக்டருக்கும் தெரியாத இது, சட்டை தைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை வாறேன்," என்றேன். "யார் பேரையும் சொல்ல மாட்டேன். எல்லார் முன்னாலயும் நான் பேசணும். பேசட்டா?"

தைத்த நூலைக் கடித்து அறுத்தாள். "பேசுங்க," என்றாள்.

அங்கிருந்து நேராகப் பங்கு வீட்டுக்குப் போய் ஃபாதரைப் பார்த்தேன். பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம் மைக் தருவதாகச் சொன்னார். டாக்டர், "இதெல்லாம் நம்ம வேலையா?" என்று கேட்டார். பிறகு, "உங்க பொறுப்புல போங்க," என்றார். மூன்று நாளும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். எல்லாமே கூட்டத்தில் வாசிக்கிற நோட்டீஸ் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

ஞாயிறு காலை பூசை முடிந்து சனம் கோயில் முற்றத்தில் நின்றது. ஒரு மேஜை போட்டார்கள். அதன்மேல் நீல நீர் நிறைத்த கண்ணாடிப் பாத்திரத்தை வைத்தேன். மைக்கை வாங்கினேன். கூட்டத்தின் ஓரத்தில் ரெஜிலா அம்மாவோடு நின்றாள். நாலு ஆள் தள்ளிப் பெனிட்டா, முகத்தை முக்காட்டில் மறைத்துக்கொண்டு.

"போன ஞாயிறு இங்க ரத்தம் எடுக்க வந்தது நான்தான்," என்றேன். "நிறையப் பொம்பளைங்களத் திருப்பி அனுப்பினேன். அனுப்பினது சரி. சொன்ன விதம் தப்பு. 'ரத்தம் சரியில்ல'ன்னு சொன்னேன். அப்பிடிச் சொல்லப்பிடாது. யாருக்கும் ஒரு நோயும் நான் பாக்கல்ல. ரத்தத்த எடுக்கவே இல்ல, பிறகு நோய எங்க பாக்க? நான் பாத்தது ஒரு சொட்டு. அது தண்ணியில தாழுதா, மிதக்குதான்னு மட்டுந்தான். மிதந்தா சத்துக் கொறவு. மீன வித்துப்போட்டு வீட்டுல எல்லாருக்கும் விளம்பிக் குடுத்துட்டு மிச்சத்தத் திங்கிறவங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும்."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை. அவர்தான் அந்தத் தாய்மாமன் என்று பயாலஜி சார் பிறகு சொன்னார்.

"நோய் இல்லன்னா பொறவு எதுக்கு ரிஜெக்ட்டுன்னு எழுதிப் போட்டிய?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

 இத்தனை வருடம் எங்கள் ரத்த வங்கியில் ஒருவருக்கும் சொல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. பையிலிருந்து குத்தூசியை எடுத்து என் மோதிர விரலில் குத்தினேன். விரலை எல்லாரும் பார்க்கிற மாதிரிப் பாத்திரத்தின் மேல் பிடித்தேன். துளி விழுந்தது. நீலத்தின் மேல் சிவப்பாக நின்றது. இறங்கவில்லை. முன்வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "மிதக்கு! மிதக்கு!" என்று கத்தினார்கள்.

"ரெண்டு பிள்ள பெத்த பிறகு எனக்கு இப்பிடித்தான்," என்றேன். "மாத்திரை திம்பேன், மறப்பேன். ஊரெல்லாம் போயி ரத்தம் குடுங்கன்னு கேக்கிற நான் ஒரு தடவ கூட குடுத்ததில்ல. என்கிட்ட எடுக்க மாட்டாங்க. அந்தப் பலகையில மொதல்ல எழுத வேண்டிய பேரு என்னுது."

 பின்னாலிருந்து ஒரு மீன்காரி, "அப்பம் நாம எல்லாரும் ஒரே சாதி பிள்ளேய்!" என்று சத்தமாகச் சொன்னாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து நடந்தது நான் எதிர்பாராதது. அந்தத் தாய்மாமனின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தார். முகாம் அன்று அவர் வரவில்லை. புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் விரலை நீட்டினார். "எனக்கும் பாருங்க. இவியளுக்கும் தெரியட்டு."

கூட்டம் முன்னால் நெருக்கியது. எல்லார் கண்ணும் அந்த விரலில். என் கையில் புதுக் குத்தூசி. அந்தத் துளி மட்டும் மிதந்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும், அந்த மனிதர் தலை குனிந்து போய்விடுவார், ரெஜிலாவுக்கு நியாயம் கிடைத்துவிடும். எனக்கு அந்த ஆசை வந்தது. மறைக்க மாட்டேன், நன்றாகவே வந்தது.

ஆனால் போன ஞாயிறு நான் செய்ததும் அதைத்தானே? ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய சேதியை ஊரின் முன்னால் வைத்தேன். இன்றைக்கு நல்ல காரணம் இருக்கிறது என்பதற்காக அதையே மறுபடி செய்யலாமா?

"இங்க வேண்டாம்க்கா," என்றேன். "அந்தப் பக்கம் கோயில் பாட்டு பழகுற அறை இருக்குல்லா, அங்க வாங்க. நீங்களும் நானும் மட்டும்."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல. இங்கயே பாருங்க."

"நீங்க பயப்படல்ல. எனக்குப் பயமாருக்கு. எனக்க சொட்ட நான் காட்டலாம். உங்களுக்க சொட்ட ஊருக்குக் காட்ட எனக்கு அதிகாரம் இல்ல."

 அவர் தலையாட்டிவிட்டு என்னோடு வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். அந்தத் துளி மிதந்ததா தாழ்ந்ததா என்று அன்றைக்கு எத்தனையோ பேர் கேட்டார்கள். நீங்களும் கேட்கத்தான் நினைப்பீர்கள். சொல்ல மாட்டேன். அவர் வெளியே போய்ப் புருஷனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அந்த மனிதர் அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பின் ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் அந்த அறைக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். பன்னிரண்டு மணிவரை கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தேன். ஒவ்வொருவர் முடிவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, அவரவர் கையில் கொடுத்தேன்.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு வாசித்தார்கள். ஆனால் கல்யாணம் குறித்த தேதியில் நடக்கவில்லை. தள்ளிவைத்தது ரெஜிலா. 'அவரு லீவுல வரட்டும், நேர்ல பேசணும்' என்றாள். வந்தார், பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது, நான் போயிருந்தேன். அந்தப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடந்து, ஊரிலுள்ள அம்மாக்களுக்கு மாதாமாதம் சத்து மாத்திரை வர வழி செய்தார்கள். அடுத்த வருடமும் முகாம் வைத்தார்கள். சோதனை மேஜையைச் சுற்றிச் சேலையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். பலகையே வைக்கவில்லை. நாங்கள் மறந்தாலும் அவர்கள் மறக்கவில்லை.

நானும் மாறினேன். 'ரிஜெக்ட்' என்ற சொல்லை அதன் பிறகு வாயால் சொன்னதில்லை. "இன்னைக்கு வேண்டாம், ஏன்னு சொல்றேன், இப்பிடி வாங்க," என்பேன். அதற்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள். உதவிக்கு நிற்கிற பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்தால், அதில் எழுதுவது எங்கே போகிறது என்று போய்ப் பாருங்கள். நம்மிடம் வேலை செய்கிறவர் ஆர்வத்தில் செய்கிற பிழைக்கு முதல் பொறுப்பு நாம்தான்.

அந்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்குச் சாமானைக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது ரெஜிலாவின் அம்மா என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள். வீட்டுக்குப் போனேன். தரையில் பாய் விரித்தார்கள். அயலைக் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு, சோறு. ரெஜிலா அடுப்படியில் நின்றாள். பெனிட்டா வாசல் நிலையில் சாய்ந்து, உள்ளே வராமலும் வெளியே போகாமலும் நின்றாள். அம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். எனக்கு முன்னால் வைத்த தட்டில் கை வைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரெஜிலா குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். இன்னொரு தட்டு எடுத்தாள். மீனில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து அதில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஏட்டி, எவ்வளவு நேரம் நிப்ப? வந்து இரி. ஆறிப்போவும்."

ஏழு நாளைக்குப் பிறகு அக்கா பேசிய முதல் வார்த்தை. பெனிட்டா வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். ரெஜிலா அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.